தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் முன்

நல்ல குடிமக்கள் யார் என்று கேட்டால், ஓட்டுப் போடுபவர், வரி கட்டுபவர், குப்பையைத் தொட்டியில் போடுபவர் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லிவிடும். அரசியலமைப்புச் சட்டத்தில் உள்ள பட்டியல் வேறு. 1976இல் 42ஆவது திருத்தம் கொண்டுவந்த 51அ பிரிவில் பத்து அடிப்படைக் கடமைகள் இருந்தன. 2002இல் 86ஆவது திருத்தம் பதினொன்றாவதைச் சேர்த்தது: 6 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைக்குக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை. தேசியக் கொடியை மதிப்பது, பொதுச் சொத்தைக் காப்பது, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது எல்லாம் அதில் உண்டு. ஓட்டும் வரியும் அந்தப் பதினொன்றில் இல்லை. இந்தக் கடமைகளில் ஒன்றை விட்டுவிட்டார் என்பதற்காக மட்டும் ஒருவரை நீதிமன்றத்தில் நிறுத்தவும் முடியாது.

ஆகவே பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, குடிமக்களாக நாம் உண்மையிலேயே அதிகாரத்தோடு உட்காரும் இடம் எது என்று பார்ப்பது பயன் தரும். கிராமத்தில் இருப்பவர்களுக்கு அந்த இடம் கிராம சபை. சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் நமக்காக இன்னொருவர் பேசுகிறார். கிராம சபையில் நாமே உறுப்பினர். 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தத்தின்படி, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். மனு போட்டுச் சேர வேண்டியதில்லை. தலைவருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக யாரையும் வெளியே அனுப்பவும் முடியாது.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்காக இருந்தது. உலகத் தண்ணீர் நாளும் உள்ளாட்சி நாளும் 2022இல் சேர்ந்தன. ஏழு நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஊராட்சித் தலைவர் தலைமை வகிப்பார். உள்ளாட்சித் தேர்தல் நடக்காத காலத்தில் தனி அலுவலர் அந்த இடத்தில் இருப்பார். ஊராட்சி ஒன்றியத்திலிருந்து பற்றாளர் ஒருவர், அதாவது கூட்டத்தைக் கவனிக்க அனுப்பப்படும் அலுவலர், வந்து உட்கார்ந்திருப்பார். குறைந்தபட்ச வருகைக்கும் கணக்கு உண்டு. ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். அந்த எண்ணிக்கை சேராமல் நிறைவேற்றிய தீர்மானத்தைப் பிறகு யார் வேண்டுமானாலும் எதிர்த்துக் கேட்கலாம்.

கிராம சபையின் வேலை என்ன என்பதைத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 சொல்லியிருக்கிறது. கிராம வளர்ச்சித் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது, ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது, முந்தைய ஆண்டுக் கணக்கின் தணிக்கை அறிக்கைக்கு ஒப்புதல் தருவது, எல்லாத் திட்டங்களும் எந்த அளவில் நடக்கின்றன என்று பார்ப்பது. நான்கில் இரண்டு நேரடியாகப் பணக் கணக்கு. மற்ற இரண்டும் பணம் எங்கே போகப்போகிறது, எங்கே போனது என்ற கேள்விதான்.

இது நம் மண்ணுக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, கி.பி. 920ஐ ஒட்டியது, குடவோலையில் யார் பெயரை எழுதக் கூடாது என்று வரிசையாகச் சொல்கிறது. முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் அதில் வருகிறார்கள். அந்தச் சபை நிலமும் கல்வியும் இருந்த பிராமண ஆண்களின் சபை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். அன்று வெளியே நின்றவர்கள் எல்லோரும் இன்று உறுப்பினர்கள். அந்த ஒரு மாற்றத்துக்காகவே கூட்டத்துக்குப் போகலாம்.

ஆனால் போய் உட்கார்ந்தால் மட்டும் போதாது. பெரும்பாலான ஊர்களில் கூட்டம் எப்படிக் கெட்டுப்போகிறது என்பதற்கு ஒரு வழக்கமான போக்கு உண்டு. பத்து மணிக்கு என்று சொன்ன கூட்டம் பதினொன்றுக்குத் தொடங்கும். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களிடம் வருகைப் பதிவேட்டில் முதலிலேயே கையெழுத்தோ கைரேகையோ வாங்கிவிடுவார்கள். ஊராட்சிச் செயலர் கூட்டப் பொருள்களை வேகமாக வாசிப்பார். ஒருவர் எழுந்து தன் வீட்டுப் பட்டா பற்றிப் பேசுவார், இன்னொருவர் முதியோர் உதவித்தொகை வரவில்லை என்பார். இரண்டும் நியாயமான குறைகள். ஆனால் இரண்டையும் தீர்க்க வேண்டியது வருவாய்த் துறை. ஊராட்சியின் கையில் அவை இல்லை. சத்தம் ஏறும். "மனுவாகக் கொடுங்கள், பார்க்கலாம்" என்பதோடு கூட்டம் முடியும். அன்று நிறைவேறியதாகப் புத்தகத்தில் என்ன எழுதப்பட்டது என்று வீட்டுக்குப் போன யாருக்கும் தெரியாது.

இதில் தலைவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கேள்வி தயாராக இல்லாத சபையில் பதிலும் தயாராக இருக்காது. தனிக் குறையை மனுவாகக் கொடுக்க மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டம் இருக்கிறது. கிராம சபையின் நேரத்தைப் பொதுக் காரியத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

பணம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் கேள்வி கூர்மையாகும். ஊராட்சிக்கு வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி என்று சொந்த வருமானம் உண்டு. மாநில நிதி ஆணையத்தின் மானியமும் மத்திய நிதி ஆணையத்தின் மானியமும் வரும். 2021 முதல் 2026 வரைக்கான 15ஆவது நிதி ஆணையம் தன் மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்தது: பாதி தண்ணீருக்கு, பாதி தூய்மைக்கு. மீதி 40 விழுக்காடுதான் ஊரின் மற்றத் தேவைகளுக்கு. அந்தக் காலத்துப் பணத்தைப் பற்றி, சிமென்ட் சாலைக்கு ஏன் போடவில்லை என்று கேட்டவருக்கு இந்தப் பிரிவினையே பாதிப் பதில். அதே பிரிவினையை வைத்து, "தண்ணீருக்கு என்று வந்த பணம் எவ்வளவு, எந்த வேலைக்குப் போனது?" என்று திருப்பிக் கேட்கலாம். 2020 ஏப்ரலில் தொடங்கிய இ-கிராம் சுவராஜ் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் ஆண்டுத் திட்டமும் பணம் கொடுத்த விவரமும் கிடைக்கும். கடவுச்சொல் தேவையில்லை. கூட்டத்துக்கு முந்தின வாரம் அதைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பதால், கேள்வி இருவருக்கும் உரியது.

ஒரு கேள்வியை எப்படித் தயாரிப்பது என்று பார்க்க, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். எல்லா ஊரிலும் இருக்கிறது, எல்லோரும் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறோம். "தண்ணீர் சுத்தமாக இல்லை" என்று சொன்னால் "சுத்தமாகத்தான் விடுகிறோம்" என்று பதில் வரும், அதோடு முடிந்தது. எண்ணோடு போனால் பேச்சு மாறும்.

30,000 லிட்டர் தொட்டி ஒன்று. ஊராட்சிகளில் பின்பற்றச் சொல்லும் அளவு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். அப்படியென்றால் ஒருமுறை நிரப்ப 120 கிராம். காலையும் மாலையும் நிரப்பினால் நாளுக்கு 240 கிராம். 25 கிலோ மூட்டை ஒன்று 104 நாள் வரும். ஆண்டுக்கு ஏறக்குறைய 88 கிலோ, அதாவது மூன்றரை மூட்டை. இப்போது செலவுக் கணக்கில் பிளீச்சிங் பவுடர் என்று எழுதியிருக்கும் தொகையைப் பாருங்கள். ஒரே தொட்டிக்குப் பத்து மூட்டை வாங்கியிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். அரை மூட்டைதான் வாங்கியிருந்தால் இன்னும் அழுத்தமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைகள் குடித்திருக்கிறார்கள்.

பவுடர் வாங்கியும் பயனில்லாமல் போவது உண்டு. நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குளோரின் இருக்கும். மூட்டையைப் பிரித்து ஈரமான மோட்டார் அறையில் வைத்தால் சில வாரங்களில் சத்து போய்விடும், வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டினாலும் சுண்ணாம்பு அடியில் படியும். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, மேலும் தண்ணீர் சேர்த்து, தெளியவிட்டு, மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அதன்பிறகு அரை மணி நேரமாவது விட்டுத்தான் வால்வைத் திறக்க வேண்டும். டேங்க் ஆபரேட்டருக்கு நான்கு தெருவில் வால்வு திருப்பும் வேலை இருந்தால் அந்த அரை மணி நேரம்தான் முதலில் அடிபடும். அவரைத் திட்டுவதைவிட, ஒரே ஆளுக்கு எத்தனை தொட்டி கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்பது நியாயம்.

சோதிப்பதும் கடினமில்லை. கடைக்கோடி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து, சோதனைக் குழாயில் ஆர்த்தோ டாலிடின் என்ற சோதனைத் திரவம் சில துளி விட்டால் குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் வரும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது அந்தக் கடைசிக் குழாயில் இருக்க வேண்டும். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் சோதித்துக் காட்டினால் ஏற்காதீர்கள், அங்கே எப்போதும் இருக்கும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சியும் களப் பரிசோதனைப் பெட்டியும் தர வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் ஊரில் அந்த ஐவர் யார், பெட்டி எங்கே இருக்கிறது என்பதே கூட்டத்தில் கேட்கத் தகுந்த கேள்வி.

கேட்டு, பதிலும் வாங்கியாயிற்று. இனிமேல்தான் முக்கியமான வேலை: அதைத் தீர்மானமாக எழுதவைப்பது. "குடிநீர்த் தொட்டியைச் சுத்தமாகப் பராமரிக்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினால் அது எதையும் கட்டுப்படுத்தாது. எந்த இடம், என்ன வேலை, எவ்வளவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்ற ஐந்தும் இருக்க வேண்டும். இப்படி எழுதச் சொல்லலாம்:

"தெற்குத் தெருவில் உள்ள 30,000 லிட்டர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை ஒவ்வொரு மாதமும் 5, 20 ஆகிய தேதிகளில் கழுவி, கழுவிய தேதியைத் தொட்டியின் தூணில் எழுத வேண்டும் என்றும், கடைக்கோடிக் குழாயில் வாரம் ஒருமுறை குளோரின் அளவு பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும், இதற்கு டேங்க் ஆபரேட்டரும் ஊராட்சிச் செயலரும் பொறுப்பு என்றும், அடுத்த கிராம சபையில் அந்தப் பதிவேட்டை முன்வைக்க வேண்டும் என்றும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

ஒரு பொருளுக்கு ஒரு தீர்மானம் போதும். நான்கு கோரிக்கைகளை ஒன்றாகக் கட்டினால் ஒன்றில் சிக்கல் வந்து நான்கும் நின்றுவிடும். கூட்டத்தில் வாயால் சொல்லி "எழுதிக்கொள்கிறோம்" என்ற பதிலைக் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். இந்த வாசகத்தை முன்கூட்டியே இரண்டு படியாக எழுதி, ஒன்றைத் தலைவரிடமும் ஒன்றைப் பற்றாளரிடமும் கொடுங்கள். அதன்பிறகு, புத்தகத்தில் எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். கடைசித் தீர்மானத்துக்கும் கையெழுத்து தொடங்கும் வரிக்கும் இடையில் வெற்றிடம் விட்டிருந்தால் கோடு போட்டு அடைக்கச் சொல்லுங்கள். அந்த வெற்றிடத்தில்தான் யாரும் பேசாத தீர்மானங்கள் பிறகு வந்து உட்கார்கின்றன. வாசித்துக் காட்டாத பக்கத்தில் கையெழுத்துப் போடாமல் இருப்பதும் குடிமக்களின் கடமைதான் என்று நாங்கள் நினைக்கிறோம். கையெழுத்துக்கு முன் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்க விடவில்லை என்றால் சண்டை வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் விரைவுத் தபாலில் அனுப்பலாம். அலுவலகம் மாறிப்போனாலும் ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. இங்கேயும் கேட்கும் விதம் முக்கியம். "ஏன் தொட்டியைக் கழுவவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. அந்தச் சட்டம் இருக்கும் ஆவணத்தைத் தரச் சொல்கிறதே ஒழிய விளக்கம் தரச் சொல்லவில்லை. "15.8 அன்று நடந்த கிராம சபையின் தீர்மானப் பக்கங்களின் நகல்", "ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பிளீச்சிங் பவுடர் வாங்கிய பில்களின் நகல்" என்று ஆவணத்தின் பெயரையும் காலத்தையும் சொல்லுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பலனில்லை என்றால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். கெடு தாண்டிக் கொடுக்கும் நகலுக்குப் பக்கக் கட்டணம் வாங்கக் கூடாது.

கேள்வி கேட்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி எளிதல்ல. 2023 அக்டோபர் 2 அன்று விருதுநகர் மாவட்டத்தில் கிராம சபையில் கேள்வி கேட்ட விவசாயி ஒருவரை ஊராட்சிச் செயலர் காலால் உதைத்த காட்சி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். படம் எடுத்தவர் ஒருவர் அங்கே இருந்ததால்தான் அது வெளியே வந்தது. அதனால் தனி ஆளாக எழாதீர்கள். நான்கைந்து பேர் சேர்ந்து போங்கள். ஒருவர் கேட்க, ஒருவர் குறிப்பெடுக்க, இன்னொருவர் "முந்தின கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்" என்று நினைவூட்டட்டும்.

சாதியைப் பேசாமல் கிராம சபையைப் பேச முடியாது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதற்காகவே 1996 முதல் பத்தாண்டு முறையான தேர்தலை நடத்தவிடவில்லை. 2006இல்தான் நடந்தது. இன்றும் தலைவராக வந்த பட்டியல் சாதிப் பெண்ணுக்கு நாற்காலி போடாத ஊர் பற்றிச் செய்தி வருகிறது. கூட்டம் நடக்கும் இடத்தைக் குக்கிராமங்களுக்கிடையே சுழற்சியாக மாற்ற வேண்டும், மதச் சார்புள்ள வளாகத்தில் நடத்தக் கூடாது என்று அரசின் அறிவுரை தெளிவாக இருக்கிறது. கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தால் உள்ளே வரத் தயங்குபவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். "அடுத்த கூட்டத்தைக் காலனியில் உள்ள பள்ளிக்கூடத்தில் வையுங்கள்" என்று ஊர்த் தெருக்காரர் ஒருவர் எழுந்து சொன்னால், ஆயிரம் வசனத்தைவிட அது பெரியது. பெண்களும் அப்படித்தான்: எண்ணிக்கையில் அவர்களே அதிகம், மைக் அவர்கள் பக்கம் வருவது குறைவு. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் இரண்டு பேர் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டால் அன்றைய கூட்டத்தின் போக்கே வேறாகிவிடும்.

கிராம சபைத் தீர்மானத்தால் எல்லாம் முடியும் என்று நம்பவும் கூடாது. அரிட்டாபட்டியைச் சுற்றி டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும் மேலூர்ப் பகுதி ஊராட்சிகள் 2024 நவம்பர் 23 அன்று கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9இல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மக்கள் மேலூரிலிருந்து மதுரைக்குப் பேரணி போனார்கள். அந்த மாதம் 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டும் அதைச் சாதித்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் ஊர் என்ன சொல்கிறது என்பதற்குத் தேதியும் கையெழுத்தும் உள்ள ஆவணமாக அது நின்றது. ஒடிசாவின் நியமகிரியில் இன்னும் ஒரு படி மேலே போனது. 2013இல் உச்ச நீதிமன்றமே கிராம சபைகளைக் கேட்கச் சொல்லி, கேட்கப்பட்ட பன்னிரண்டு சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. அங்கே வன உரிமைச் சட்டம் துணைக்கு நின்றது. எந்தச் சட்டத்தின் பலத்தில் தீர்மானம் போடுகிறோம் என்பதைப் பொறுத்து அதன் வலிமை மாறும்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகள் கூடுகின்றன. அதிகாரம் குறைவு, கூடுவதும் எல்லா வார்டிலும் ஒழுங்காக இல்லை. ஆனாலும் கேள்வியை எண்ணோடு தயாரிப்பதும் எழுதவைப்பதும் அங்கேயும் அதேதான்.

ஆகஸ்ட் 15இல் போட்ட தீர்மானத்துக்கு அக்டோபர் 2 வரை ஏழு வாரம் இருக்கிறது. இரண்டாவது வாரத்தில் தொட்டித் தூணைப் போய்ப் பாருங்கள், தேதி எழுதியிருக்கிறதா என்று. ஐந்தாவது வாரத்தில் கடைக்கோடிக் குழாய்த் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். அக்டோபர் 2 காலையில் படம் எடுத்த பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, புதிய பொருள் எதையும் வாசிக்கத் தொடங்கும் முன் எழுந்து, போன கூட்டத்தின் தீர்மான எண்ணைச் சொல்லி, "அந்தப் பதிவேட்டை எடுத்து வையுங்கள், எல்லோரும் பார்க்கட்டும்" என்று கேளுங்கள்.